தகரப் பீப்பாவும் மாமாவின் நோன்பும்

எனக்குத் தாளம் வராது என்பது போன மாதம்தான் எனக்குத் தெரியவந்தது; அதுவும் ஊர் ஆசிரியர்கள் எல்லாரும் பார்த்திருக்க. சிறு பிள்ளைகளுக்குச் சங்கீதப் பாடத்தை அலுப்பில்லாமல் நடத்துவது எப்படி என்று ஒரு பயிற்சி வகுப்பு. சரித்திரம் படிப்பிக்கும் நான், யாரும் கூப்பிடாமலே போனேன். எல்லாரும் சேர்ந்து கைதட்ட, என் தட்டு மட்டும் பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரிப் பின்னால் ஓடிவந்தது. பிறவியிலேயே தாளம் உள்ளவன் என்று அதுவரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம், சின்ன வயதில் ஒரு நோன்பு மாதத்துப் பின்னேரம்.

மருதமுனையில் எங்கள் வீடு. உம்மாவின் தங்கச்சி, என் சாச்சி, அட்டாளைச்சேனைக் கலாசாலையில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தார். பெருநாள் முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும், விரிவுரையாளர் வகுப்பறையின் கடைசி வாங்கில் குந்தியிருந்து பார்க்க, இரண்டாம் வகுப்புக்குச் சங்கீதப் பாடம் ஒன்று நடத்திக் காட்ட வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே வாத்தியம் இடைவேளை மணி. ஆகவே சாச்சி ஊர்ச் சத்தங்களையே பாடமாக்கினார். தறி, கடல், மீன்காரரின் கூவல், கடைசியாகப் பள்ளிவாசலில் நோன்பு திறக்க அடிக்கும் நகரா முரசு. பிள்ளைகள் கண்ணை மூடிக் கேட்டு, என்ன சத்தமென்று சொல்லி, அதே தாளத்தைக் கையில் தட்ட வேண்டும். எங்கள் தெரு ஒழுங்கைப் பிள்ளைகளைப் பின்முற்றத்தில் இருத்தி ஒத்திகை பார்த்தோம். நகரா என் பொறுப்பு. நூலுக்குச் சாயம் காய்ச்சும் தகரப் பீப்பாவைக் கவிழ்த்து அடித்தேன். முதலில் ஆறுதலாக, பிறகு விரைவாக.

குறுக்கே நின்றவர் சாச்சியின் மூத்த காக்கா, அதாவது என் மாமா. பொம்பிளைப் பிள்ளைக்குக் கொட்டும் பாட்டும் எதற்கு, சித்திரம் எடுத்திருக்கலாமே என்பது அவர் கட்சி. நோன்பு மாதத்தில் வீட்டில் கொட்டுச் சத்தம் கேட்டால் கலாசாலைக்குப் போவதையே நிற்பாட்டிவிடுவேன் என்றும் சொல்லியிருந்தார். செய்யக்கூடியவர். அதனால் அவர் கஞ்சி எடுக்கப் பள்ளிவாசலுக்குப் போகும் நேரத்தில்தான் எங்கள் சங்கீதம்.

அன்று வானம் மூடிக் கிடந்தது. மாமா வெள்ளனவே திரும்பி, முன்பக்கத் தறிக் கொட்டிலுக்குள் கஞ்சிக் கோப்பையோடு குந்தியிருந்தது எங்களுக்குத் தெரியாது. நான் அடித்து முடித்துக் கொஞ்ச நேரத்தில், பள்ளிவாசலில் உண்மையான நகரா கேட்டது. அதைத் தொடர்ந்து மாமா வந்தார். தாடியில் கஞ்சி.

ஆர் அடித்தது என்று கேட்டார். கூட்டாளிகள் ஒருவர் மிச்சமில்லாமல் என்னைக் காட்டினார்கள். சாச்சியின் முகம் வெளுத்தது. பிறகு அந்தத் தாடியைப் பார்த்தார்.

"காக்கா, நீங்க நோன்பு திறந்திட்டீங்களா?"

"நகரா அடிச்சாத் திறக்காம என்ன செய்யிற?"

"அப்ப என்ட பாடம் சரி. நீங்களே சத்தத்தச் சரியாச் சொல்லிட்டீங்க."

குசினிக்குள் உம்மா எதையோ கீழே போட்டார். மாமா தாடியைத் துடைத்தார். பிறகு இருவரும் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். நேரத்துக்கு முந்தி முறிந்துபோன அந்த நோன்பைப் பெருநாளுக்குப் பிறகு மாமா மறுபடி பிடிப்பதாம். ஏன் பிடிக்கிறார் என்று சாச்சி வெளியில் சொல்ல மாட்டாராம். கலாசாலை பற்றி மாமா இனி வாயே திறக்க மாட்டாராம்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடி விழும் என்று முதுகைத் தயாராக வைத்திருந்தேன். மாமாவோ மிச்சக் கஞ்சியை எனக்கு ஊற்றித் தந்தார். பாடம் நடந்த அன்று பீப்பாவைச் சைக்கிளில் கட்டிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனதும் அவர்தான். சாச்சி தேறிவிட்டார். நோன்பைப் பறிகொடுத்த மனிசன் ஏன் பீப்பா சுமக்கிறார்? யோசித்து யோசித்து நான் கண்ட முடிவு ஒன்றுதான்: என் அடி அவ்வளவு அசல்.

பயிற்சி வகுப்பில் மானம் போன பிறகு, மனதைத் தேற்றிக்கொள்ள இந்தக் கதையை அந்தக் காலத்து மோதினாரிடம் சொன்னேன். அன்று பள்ளிவாசலில் நகரா அடித்தவர் அவர்தான். தேத்தண்ணி முடியும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"அந்தச் சத்தம் எனக்கும் கேட்ட, மனே. ஆரோ புள்ளையள் தகரத்தில விளையாடுதுகள் எண்டு நினைச்ச. உங்கட மாமாவுக்கு அண்டைக்குச் சரியான பசி."