எழுதின வரிசை, நடந்த வரிசை

மாமனாருக்குப் பார்வை மங்கிப்போனபோது, எக்ஸ்ரே நிலையத்தில் படமெடுக்கும் வேலையில் இருந்த மருமகள் விடுப்பு எடுத்துக்கொண்டாள். மூன்றே மாதம் என்றுதான் பேச்சு. லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் கணவனும் அதற்குத் தலையாட்டியிருந்தான்.

மாமனார் நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். ஒரே துப்பறிவாளரை வைத்து எழுதப்பட்ட முப்பத்திரண்டு நாவல்களை வெளிவர வெளிவர வாங்கி அடுக்கியிருந்தார். ஓய்வுக்குப் பிறகு சாவகாசமாகப் படிக்கலாம் என்று இருந்தவருக்கு, ஓய்வு வந்த கையோடு கண் போயிற்று. மருமகள் வாசிக்க உட்கார்ந்தாள். மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தால் நாலரைக்குள் தொண்டை வறண்டுவிடும். பாதியில் நிறுத்தினால் மனிதர் முகம் வாடிவிடும். மூன்று மாதத்தில் ஒன்பது புத்தகம்தான் ஆகியிருந்தது.

"வரிசை முடியட்டும், அப்புறம் வேலைக்குப் போ," என்றான் கணவன்.

யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. வாசற்கதவு திறந்துதான் கிடந்தது. இரண்டு மணியானால் கால் தானாக அந்த நாற்காலிக்குப் போய்விடும். கொலைகாரர்களோடு குடித்தனம் நடத்துவது போலிருந்தது.

பதினோராம் மாதம், ஒருவழியாக முப்பத்திரண்டாவதும் முடிந்தது. மறுநாள் காலை அவள் வெள்ளைக் கோட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மாமனார் கூப்பிட்டார்.

"அம்மா, நாம படிச்சது தப்பு வரிசை."

"நம்பர் போட்டபடிதானே படிச்சோம் மாமா?"

"அது எழுதின வரிசை. நடந்த வரிசை வேற. ஆறாவதுல துப்பறியறவனுக்குப் பொண்டாட்டி செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. இருபதாவதுல அதே பொண்ணைத்தான் கட்டிக்கிறான்!"

அவளும் அதைக் கவனித்திருந்தாள். தெரிந்தேதான் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

"ஒரு பேப்பர் எடு, நான் சொல்லச் சொல்ல எழுது. இருபதாவதுதான் முதல்ல."

"கொலை பண்ணினது யாருன்னுதான் தெரிஞ்சுபோச்சே மாமா?"

"அதனாலதான் இனிமே பதறாம கேக்கலாம்."

மாலையில் கணவனிடம் சொன்னாள். "இன்னும் ஒரு சுத்துதானே, வயசான மனுஷன்," என்றான்.

"அந்த ஒரு சுத்து பதினோரு மாசங்க."

அவன் போனைப் பார்த்துக்கொண்டே, "பார்த்துக்கலாம்," என்றான்.

எக்ஸ்ரே நிலையத்து டாக்டரிடம் பேசினாள். "எத்தனை நாள்மா காத்திருக்கிறது? வேற ஆள் போட்டாச்சு," என்றார் அவர். கோட்டை மடித்து அலமாரியில் வைத்தாள். இரண்டு மணிக்கு இருபதாவது புத்தகத்தைப் பிரித்தாள்.

ஒரு வாரம் கழித்து, வேண்டுமென்றே பத்துப் பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினாள். ஓரக்கண்ணால் மாமனாரைப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் ஓர் அத்தியாயத்தையே தாண்டினாள். நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டிருந்த மாமனாரின் விரல் நின்றது.

"இந்த டிரைவர் எப்ப செத்தான்?"

"நேத்தே செத்துட்டான் மாமா."

போன சுற்றில் அந்த டிரைவர் சாவதை வாசித்து முடிக்கவே இரண்டு நாள் பிடித்திருந்தது. அது அவருக்கும் நினைவிருக்கும். விரல் மறுபடி நாற்காலிக் கையைத் தட்ட ஆரம்பித்தது.

"சரி, மேல படி."

இப்போது வேறு இரண்டு நிலையங்களுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. புது வரிசையில் பதினான்காவது ஓடிக்கொண்டிருக்கிறது.