வெறும் துவக்கு

கள்ளன் எங்கள் வீட்டுக்குள் வந்தது யன்னலால். அப்பா வேலை செய்தது யன்னல் செய்யும் தொழிற்சாலையில். இரண்டையும் சேர்த்துப் பார்த்து அவர் கொஞ்சம் வெட்கப்பட்டிருக்கலாம். அவருக்கு வந்ததோ கோபம். கோபம் வந்த கையோடு ஒரு யோசனையும் வந்தது. அப்பாவுக்கு யோசனை வந்தால் அதைத் தூக்கிச் சுமப்பது எப்போதும் நான்தான். எனக்கு அப்போது பத்து வயது.

நாங்கள் டென்மார்க்கில் ரண்டர்ஸ் என்ற ஊரில் இருந்தோம். ஒரு சனிக்கிழமை கலியாண வீடொன்றுக்குப் போய்த் திரும்பினால் குசினி நிலம் முழுக்க அரிசி. அம்மா நகையை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருந்தார். டென்மார்க்கில் எனக்குத் தெரிந்த தமிழ் அம்மாக்கள் எல்லோருமே அங்கேதான் வைத்தார்கள். அது தனக்கு மட்டும் தெரிந்த இடம் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள், கள்ளருக்கும் தெரிந்திருந்தது. என்னுடைய இரண்டு காப்பும் போய்விட்டன. பொலிஸ்காரர் வந்து, தங்கம் ஏன் அரிசிக்குள் இருந்தது என்று இரண்டு தடவை கேட்டார். மொழிபெயர்த்தவள் நான். நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

கள்ளர் படப்பெட்டியையும் கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். அதை அடுக்கித் தரச் சொன்னபோதுதான் கவனித்தேன். அம்மாவின் பள்ளிக்கூடப் படத்தில் இரட்டைப் பின்னல், வெள்ளைச் சட்டை. அதற்கு அடுத்த படம் கலியாணப் படம், இங்கே எடுத்தது. அதில் தலைமயிர் பொடியன்களுடையதைப் போலக் கட்டையாக இருந்தது. நடுவில் எட்டு வருடத்துக்கு ஒரு படமும் இல்லை. ஏன் என்று கேட்டேன். அப்போது ஊரில் சண்டை, கமெரா இல்லை என்றார் அம்மா. பாவம், கமெரா இல்லாத ஊர் என்று நானும் நம்பினேன்.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. காற்றுக்குக் கதவு அசைந்தாலும் எழும்பி அழுதேன். அப்பாவுக்கு அது போதும், என் பெயரால் துவக்கு வாங்கத் தீர்மானித்துவிட்டார். டென்மார்க்கில் கள்ளனுக்காக என்று சொல்லித் துவக்கு வாங்க முடியாது. வேட்டைக்காரனாக வேண்டும், அதற்குச் சோதனை பாஸ் பண்ண வேண்டும், பிறகு பூட்டுப் போட்ட இரும்பு அலுமாரி வேண்டும். வாழ்க்கையில் ஒரு கோழியைக்கூட உரிக்காத என் அப்பா வேட்டைக்காரனாகப் புறப்பட்டார்.

அம்மா ஒரேயொரு வசனம் சொன்னார். “அது இருக்கிற அறையிலை நான் படுக்கமாட்டன்.” வழக்கமாக அம்மா எதற்கும் அரை மணித்தியாலம் பேசுவார். அன்று அவ்வளவோடு நிறுத்திவிட்டு வெங்காயம் வெட்டப் போனார். கோபம் ஆறிவிட்டது என்று அப்பா நினைத்தார்.

சோதனைப் புத்தகம் டெனிஷ் மொழியில் இருந்தது. பின்னேரம் பின்னேரமாக நான் அதைக் குசினி மேசையில் வைத்து உரக்க வாசிக்க, அப்பா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். சட்டம் எல்லாம் எப்படியோ மண்டையில் ஏறியது. பறவைகள், அதிலும் நீந்துகிற தாரா வகைகள்தான் ஏறவில்லை. கிரோ-ஆன், கிறிக்-ஆன், பீப-ஆன் என்று படம் படமாகக் காட்டினேன். “எல்லாம் தாரா தானே பிள்ளை” என்றார். எந்தத் தாராவைச் சுடலாம், எந்தத் தாராவைச் சுட்டால் தண்டம் என்று தெரிய வேண்டாமா? “நானென்ன தாராவைச் சுடவே போறன்?” என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். என் வீட்டுப்பாடம் எல்லாம் கிடப்பில் கிடந்தது. வகுப்பில் ஆசிரியை பெருக்கல் கேட்டபோது நான் தாராவின் பெயர் சொன்னேன்.

இரண்டு தடவை கோட்டைவிட்டு, மூன்றாம் தடவை பாஸ் பண்ணினார். இரும்பு அலுமாரி வந்தது. மூன்று பேர் தூக்கிக்கொண்டு வந்து படுக்கையறைச் சுவரோடு போல்ட் அடித்துப் பூட்டினார்கள். பிறகு இரட்டைக்குழல் துவக்கு வந்தது. அன்றிரவே அம்மா மெத்தையைச் சுருட்டிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டார். என் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் அதை விரித்துப் படுத்தார். நான் அதன் பிறகு அழவில்லை. துவக்கு வந்ததால்தான் பயம் தெளிந்தது என்று அப்பா ஊரெல்லாம் ரெலிபோன் பண்ணிச் சொன்னார்.

துவக்கு அலுமாரிக்குள், தோட்டா வேறொரு பெட்டிக்குள், பூட்டின் திறப்பு ஒருவருக்கும் தெரியாத இடத்தில் என்பது சட்டம். அப்பா சட்டத்தை மதிப்பவர். திறப்பை வாரத்துக்கு ஓரிடமாக மாற்றி ஒளித்தார். கடைசியில் அந்த இடம் அவருக்கும் தெரியாமல் போனது. இப்படி இருந்தால் கள்ளன் வரும்போது என்ன செய்வது? அதற்கும் ஒரு யோசனை வந்தது, ஒத்திகை.

ஒரு ஞாயிறு மத்தியானம், அம்மா வேலைக்குப் போயிருந்தபோது, எல்லா யன்னலுக்கும் திரை இழுத்து வீட்டை இருட்டாக்கினார். நான் கள்ளன். பின்கதவால் வர வேண்டும், வருமுன் கதவைத் தட்டிவிட்டு அவருடைய ரெலிபோனில் நேரம் பார்க்க வேண்டும். முதல் தடவை தட்டினேன். அப்பா கட்டிலால் குதித்தார். திறப்பைத் தேடினார். சப்பாத்துப் பெட்டி, உடுப்புத் தோய்க்கிற பவுடர், சாமிப் படத்துக்குப் பின்பக்கம் என்று தேடிக் கடைசியில் தன் குளிர்ச் சட்டைப் பையில் கண்டெடுத்தார். துவக்கை எடுத்து, தோட்டாப் பெட்டியைத் திறந்து, இரண்டு தோட்டா போட்டு, “சரி” என்று கத்தியபோது பதினாலு நிமிடம். அதற்குள் கள்ளன் தேத்தண்ணி போட்டுக் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டுப் போயிருப்பான். நான் இதைச் சொன்னேன். அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. இன்னொருதரம், இந்தமுறை கையிலேயே வைத்திருக்கிற வெறும் துவக்கோடு, என்றார்.

நான் மறுபடியும் பின்வளவுக்குப் போனேன். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகக் கைபிடியைத் தொட்டபோது பின்னால் சைக்கிள் வந்து நின்றது. அம்மா, வேலை உடுப்போடு. வயதுபோனவர்களைப் பராமரிக்கிற வேலை அவருக்கு. அன்று வேளைக்கே முடிந்துவிட்டதாம். இப்போது என்னுடைய முறை, போக வேண்டாம் என்று டெனிஷில் கெஞ்சினேன். மழை தூறுகிறது, விலகு என்று என்னைத் தள்ளிக்கொண்டு அம்மா முன்னால் போனார். ஒத்திகையைக் கெடுக்கிறாரே என்று எரிச்சலோடு நானும் பின்னால் போனேன்.

இருட்டுக்குள் அப்பா நின்றார். துவக்கு அம்மாவின் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

அம்மா கத்தவில்லை, பின்வாங்கவும் இல்லை. ஒரு எட்டு முன்னால் வைத்தார். இடக்கை குழலை மேலே தள்ளியது. வலக்கைப் பெருவிரல் எதையோ ஒதுக்கியது, துவக்கு நடுவால் மடிந்து திறந்தது. கண் துவக்கில் இல்லை, அப்பாவின் முகத்தில் இருந்தது. அப்பா புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ஐந்து நிமிடம் மினக்கெடுகிற வேலை அது.

“வெறும் துவக்கப்பா” என்றார் அப்பா.

அம்மா குழலுக்குள் இரண்டு விரலை விட்டு ஒரு தோட்டாவை எடுத்தார். முதல் ஒத்திகையில் போட்ட இரண்டில் ஒன்றை எடுக்க மறந்திருந்தார் என் அப்பா. அம்மா தோட்டாவை வேலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார். “வெறும் துவக்கு எண்டு ஒண்டு இல்லை.”

அப்பா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். நான் அவரிடம் நேரத்தைச் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த கிழமையே துவக்கு கடைக்குத் திரும்பிப் போனது. போல்ட் அடித்த அலுமாரியைக் கழற்ற முடியவில்லை. அம்மா அதற்குள் அரிசி வாளியை வைத்துப் பூட்டினார். சோறு சமைக்கத் திறப்புத் தேடுகிற ஒரே வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும். துவக்குப் போன பிறகும் அம்மா தன் அறைக்குத் திரும்பவில்லை. அப்பாவோடு ஒரு மாதம் கதைக்கவும் இல்லை. உப்பு வேண்டுமென்றாலும் என் ஊடாகக் கேட்டார். எனக்கு அலுத்துவிட்டது.

அம்மாவின் கைவேகத்துக்கு நான் ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தேன். நான் மேசையில் புத்தகம் வாசித்தபோது அம்மா சமைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார். மூன்று சோதனை எழுதிய அப்பாவைவிட, காதால் கேட்ட அம்மா கெட்டிக்காரி. பழக்கிய நானோ அதிலும் கெட்டிக்காரி. இதை யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிரெடெரிசியா நகரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பிறந்தநாள் விழா. சாப்பாட்டு மேசையில் கள்ளர் கதை வந்தது. வழக்கம்போல அப்பா அளக்கத் தொடங்குமுன் நான் முந்திக்கொண்டேன். “எங்கடை அம்மா பாக்காமலே துவக்குத் திறப்பா” என்று தமிழில், எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். கை எப்படிப் போனது என்று ஒரு முள்ளுக்கரண்டியை வைத்துக் காட்டியும் விட்டேன்.

 பக்கத்தில் இருந்த மாமி என் கையிலிருந்து முள்ளுக்கரண்டியை வாங்கிக்கொண்டார். அம்மா கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். எங்களுக்கு அவ்வளவாகத் தெரியாத, கண்ணாடி போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் குனிந்தார். “அம்மா எங்கை பழகினவ, பிள்ளை?”

என்னிடம்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

“நான்தான் பழக்கினனான்” என்றார் அப்பா.

அதோடு விட்டாரா? ஒவ்வொரு நாளும் தான் பாடம் எடுத்ததாக, அம்மாவுக்கு முதலில் குழல் எது பிடி எது என்று தெரியாமல் இருந்ததாக, பழக்கிய தனக்கே பிறகு திறக்க வராமல் போனதாக, மூன்று சோதனையிலும் தாராவையும் கொக்கையும் மாறிச் சொன்னதாக, எழும்பி நின்று நடித்துக் காட்டினார். தன் வீரத்தை மட்டுமே அளக்கிற மனிதர் அன்று தன்னை ஒரு கோமாளியாக்கிச் சபையைச் சிரிக்க வைத்தார். கண்ணாடிக்காரரும் சிரித்தார். பிறகு யாரோ கேக் வெட்டக் கூப்பிட்டார்கள்.

 புத்தகம் வாசித்தது நான், தாரா காட்டியது நான், பெயர் அப்பாவுக்கு! திரும்பி வரும்போது காரின் பின்சீற்றிலிருந்து, நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று டெனிஷில் கத்தினேன். அப்பா ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.  ஒரு மாதமாக அவரைத் திரும்பியும் பாராத அம்மா, கியரில் இருந்த அவருடைய கைக்கு மேல் தன் கையை வைத்தார். ரண்டர்ஸ் வரும்வரை எடுக்கவே இல்லை.

அன்றிரவு அம்மா என் அறையிலிருந்த மெத்தையைச் சுருட்டிக்கொண்டு தன் அறைக்குப் போனார். உண்மையைச் சொன்ன பிள்ளைக்கு ஒரு நல்ல வார்த்தை இல்லை, பொய் சொன்னவருக்கு மன்னிப்பா என்று பொருமிக்கொண்டு கிடந்தேன். அப்பாவோடு இரண்டு நாள் நான் கதைக்கவில்லை.