புளியங்கொட்டைக் கணக்கும் சீவலப்பேரிச் சோறும்

பினாங்குத் துறையில் மூன்று சரக்குத் தோணிகள். நாற்பது மாடு நிற்கிற தொழுவம். தமிழ் ஆட்கள் குடியிருக்கிற தெருவில் உப்புக் கரிக்காத தண்ணீர்க் கிணறு ஒன்று. மூன்று இடத்தில் தோண்டித் தோற்று, நாலாவது இடத்தில் நானே கடப்பாரை பிடித்துக் கண்ட ஊற்று அது. எங்கள் வேதக்கோயிலின் கிழக்குச் சுவர். ஓடு போட்ட வீடு, அதன் முன்னால் ஊரிலிருந்து விதை கொண்டுவந்து நான் முளைக்க வைத்த புளியமரம். இவ்வளவையும் கட்டினவன் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பதினேழு வயதில் மாற்றுவேட்டி இல்லாமல் நாகப்பட்டினத்தில் கப்பலேறினவன். ஆறு மாதத்தில் செத்துப்போவான் என்று எங்களை வேலைக்குக் கூட்டிப்போன கங்காணி சொன்னார். அந்தக் கங்காணியின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தவனும் நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் தொழுவத்தை அடுத்து ஒரு சீனரின் தகரக்கடை. தினம் காலையில் என்னைக் கண்டதும் மலாயில், "சூடா மாக்கான்?" என்பார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகக் கேட்கிறார். வந்த புதிதில், வயிறு ஒட்டிக் கிடந்த ஒரு காலையில், நான் அதை நம்பி இல்லை என்று தலையாட்டிவிட்டு அங்கேயே நின்றேன். அவர் சிரித்தார், தகரத்தை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். நம்ம ஊர் தச்சநல்லூரில் ஒருவன் இல்லை என்று சொல்லிவிட்டால் கேட்டவன் அந்த இடத்தை விட்டு நகர முடியுமா? இங்கே அது கும்பிடு போடுவது மாதிரி. பதிலுக்கு ஆச்சு என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. மனுஷர் கெட்டவர் இல்லை. தொழுவத்தில் தீப்பிடித்த அன்று முதல் வாளித் தண்ணீர் அவர் வாளிதான்.

ஐரோப்பாவில் சண்டை தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்னால் எனக்கு மலைக்காய்ச்சல் வந்தது. மூன்று மாதம் படுக்கை. எழுந்தபோது சட்டை ஆணியில் தொங்குவது போல என்மேல் தொங்கியது. காய்ச்சல் போனது, பசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வெள்ளைக்கார டாக்டர் ஒருவரிடம் போனேன். ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுவாய் என்று கேட்டார். அவரிடம் குமாஸ்தாவாக இருந்த யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர் அதைத் தமிழில் சொன்னார். போதும் என்று கை மறிக்கிறவரைக்கும் சாப்பிடுவேன் என்றேன். எத்தனை கோப்பை என்றார் டாக்டர். போடுகிறவர்களுக்குத்தான் தெரியும் என்றேன். நான் சொன்னதில் என்ன பிழை? நம்ம ஊரில் தன் சோற்றைத் தானே அளக்கிறவன் உண்டா? டாக்டர் என் முகத்தைப் பார்த்து, காய்ச்சல் மூளைக்கும் ஏறிவிட்டதா என்று கிராணியிடம் கேட்டாராம்.

பிறகு அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். சாப்பாட்டுக்குள் சூடு இருக்கிறது, அடுப்புக்கு விறகு மாதிரி. அந்தச் சூட்டை அளக்கிற அளவுக்குக் கலோரி என்று பேர். உனக்கு ஒரு நாளைக்கு இரண்டாயிரம் போக வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் மறுபடி படுக்கைதான். பசிக்காவிட்டால் என்ன செய்வது என்றேன். கிராணி திருப்பிச் சொன்ன பதில் இன்னும் என் காதில் நிற்கிறது: "பசியிடம் யார் கேட்டது?"

இரண்டாயிரத்தை எழுதிக் கூட்டுவதற்கு எனக்கு எழுத்து போதாது. அதனால் என் புளியமரத்தடியில் இருபது கொட்டை பொறுக்கினேன். கொட்டை ஒன்றுக்கு நூறு கலோரி. காலையில் இருபதும் கோட்டின் வலது பையில் இருக்கும். ஒரு கோப்பை சோறு உண்டால் இரண்டு கொட்டை இடது பைக்குப் போகும். ஒரு கரண்டி நெய்க்கு ஒன்று. முட்டைக்கு முக்கால் என்றார் கிராணி. காலும் அரையும் எனக்கு ஒத்துவராது, ஒன்றாகவே போட்டேன். படுக்கப் போகுமுன் வலது பை காலியாக வேண்டும். பசி என்றால் என்னவென்று தெரியாமலே உண்டேன். ஒரு காலத்தில் பசி இருந்தது, சோறு இல்லை. இப்போது சோறு இருந்தது, நான் இல்லை. என் மாடுகளுக்குத் தீனி வைப்பது போல எனக்கு நானே வைத்தேன். நாலு மாதத்தில் சட்டை மறுபடி உடம்போடு ஒட்டியது. அதனால் அந்தக் கணக்கை நான் இளக்காரமாகப் பேசமாட்டேன். அது என்னைக் காப்பாற்றியது.

அடுத்த வருஷம் ஊருக்குப் போனேன், கொட்டைகளோடுதான். தச்சநல்லூரில் என் தங்கை பாக்கியம் இருக்கிறாள். கணவனை இழந்தவள். அவளுடைய ஒரே மகன் தேவசகாயம் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவனுக்குப் பெண் பார்க்கிற சமயம். தகப்பன் இல்லாத இடத்தில் தாய்மாமன் சொல்தான் சொல் என்பதால், அதற்கென்றே என்னை வரச்சொல்லி எழுதியிருந்தாள். பாளையங்கோட்டைக் குமாஸ்தா ஒருவரின் மகளை அவள் மனதில் முடிவு செய்திருந்தாள். ஆனால் சீவலப்பேரி உபதேசியார் வேதமுத்துவின் மகளையும் ஒரு தரம் பார்க்கும்படி எங்கள் கோயில் பாதிரி ஐயர் சொல்லியிருந்தார். ஐயர் சொல்லைத் தட்ட முடியாது என்று அங்கேயும் ஒரு நாள் வைத்தாள்.

வண்டியில் போகும்போதே பாக்கியம் எனக்கு எல்லாம் சொல்லிவிட்டாள். பெண் ஞானப்பூவுக்கு இருபத்து மூன்று வயது. தாய் இல்லை. மூன்று வீட்டார் வந்து பார்த்துவிட்டு, ஒருவரும் கை நனைக்காமல் போயிருக்கிறார்கள். நாலாவது கூட்டமும் அப்படிப் போனால் அதற்கப்புறம் அந்தப் படியை யார் மிதிப்பார்கள் என்று ஊரே பேசுகிறதாம். "நாம என்ன செய்யணும்னா அண்ணே, போவணும், பைய உக்காரணும், தண்ணி குடிக்கணும். சொல்லி விடுதோம்னு சொல்லிட்டு எந்திரிச்சிரணும். அம்புட்டுதான்," என்றாள். தேவசகாயம் வண்டிக்குப் பின்னால் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வைக்கோலை எடுத்துத் துண்டு துண்டாகக் கிள்ளிக்கொண்டே வந்தான். வாத்தியார்கள் யோசிப்பார்கள், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கை நனைப்பது பற்றிக் கடல் தாண்டிப் பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் பேச்சு முடிகிறவரை மாப்பிள்ளை வீட்டார் தண்ணீர் குடிக்கலாம், வெற்றிலை போடலாம், சோற்றில் கை வைக்கக்கூடாது. பெண் வீட்டார் சமைத்து இலை போட்டுத்தான் வைப்பார்கள், வாருங்கள் என்றும் அழைப்பார்கள். அது மரியாதை. நாம் உட்காரமாட்டோம். அது பதில் மரியாதை. உட்கார்ந்து உண்டுவிட்டால் அந்தப் பெண்ணை எடுத்தாயிற்று. அதற்கப்புறம் பேச்சு இல்லை.

இது தெரியாதவனா நான்? தெரியும். முப்பத்தைந்து வருஷம் அதற்கு வேலை இல்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான்.

சிற்றாறும் தாமிரபரணியும் சேருகிற இடத்துக்கு நடந்துபோகிற தூரத்தில் உபதேசியார் வீடு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. வெயிலிலும் வண்டிக் குலுக்கலிலும் காலைப் பலகாரத்துக்குப் பிறகு எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. கோட்டுப் பைக்குள் கையைவிட்டு எண்ணினேன். இடதில் எட்டு, வலதில் பன்னிரண்டு. இந்த வேளைக்குப் பாதி வழி தாண்டியிருக்க வேண்டும். மறுபடி படுக்கை என்று டாக்டர் சொன்னது என் மண்டைக்குள் மணியடித்துக்கொண்டே இருந்தது. உள்கூடத்தில் ஐந்து இலை போட்டிருந்தது. உபதேசியார் குனிந்து கையைக் காட்டி, "அண்ணாச்சி, இலை போட்டாச்சு, வரணும்," என்றார். பாக்கியம், "இருக்கட்டும், அதுக்கென்ன," என்று சொல்லி வாய் மூடவில்லை, நான் எழுந்து முற்றத்துத் தொட்டியில் கையைக் கழுவிவிட்டு முதல் இலையில் உட்கார்ந்துவிட்டேன்.

பெண்தான் பரிமாறினாள். சம்பாச் சோறு, ஆற்றுக் கெண்டைக் குழம்பு. கோப்பைக்கு இரண்டு, மீனுக்கு ஒன்று என்று மனதில் போட்டுக்கொண்டு முதல் வாய் எடுத்து வைத்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன். உபதேசியார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவர் உதடு மட்டும் அசைந்தது. பாக்கியம் வெற்றிலையைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்த பார்வையில்தான் நான் பினாங்கிலிருந்து திரும்பிச் சீவலப்பேரிக்கு வந்து சேர்ந்தேன். வாயில் சோறு. விழுங்கவா, துப்பவா? பக்கத்தில் நாலு இலை வெறுமையாகக் கிடந்தது.

அந்தப் பெண் குழம்புச் சட்டியோடு என் இலைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் படித்துவிட்டாள். சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்திலிருந்த செம்பை எடுத்தாள். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"ஐயா, மறந்து உக்காந்துட்டீய போலுக்கு. கை களுவத் தண்ணி ஊத்துதேன். பயணத்துல வந்தவிய, பசின்னு நெனைச்சுக்கிடுவாவ. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

மூன்று கூட்டம் கை நனைக்காமல் போன வீட்டுப் பெண். நாலாவது கூட்டத்தில் ஒருத்தன் தப்பாகக் கை வைத்துவிட்டான். அவள் பேசாமல் நின்றிருந்தால் போதும், அவள் காரியம் கைகூடிவிடும். அவள் செம்பை நீட்டுகிறாள். நான் தலைகுனியக்கூடாது என்று பார்க்கிறாள். நான் துறைமுகத்தில் ஆயிரம் பேரோடு வேலை செய்தவன். தனக்குச் சாதகமான தப்பைத் தானே திருத்திக் கொடுக்கிற ஆளை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

எனக்குப் பசி இல்லை. முதல் வாயே நெஞ்சில் நின்றது. கையைச் செம்புக்கு நீட்டவில்லை, சோற்றைப் பிசைந்தேன். "குளம்பை ஊத்து தாயி," என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. இரண்டாவது வாயை உண்டேன்.

பிறகு மருமகனைக் கூப்பிட்டேன். "ஏலே தேவசகாயம், இலை காயுதுலே. வந்து உக்காரு."

வாத்தியார் இவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. கை கழுவினானோ என்னவோ, என் பக்கத்து இலையில் இருந்தான். அப்புறம்தான் தெரிந்தது, போன வருஷம் கோயிலில் போட்ட அசன விருந்தில் இவள் பந்தி பரிமாறியதைப் பார்த்ததிலிருந்து அவன் மனது சீவலப்பேரியில்தான் கிடந்ததாம். தாயிடம் சொல்ல வாய் வரவில்லை. ஐயர் காதில் போட்டது அவன்தான். பாக்கியம் கடைசியில் வந்து உட்கார்ந்தாள், அழுதுகொண்டே உண்டாள். மீன் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு எத்தனை கொட்டை இடது பைக்குப் போயிற்று என்று கேட்காதீர்கள். இருபதும் தீர்ந்து, அதற்கு மேலும் அந்தப் பெண் ஒரு அகப்பை வைத்தாள். நான் கையை மறித்தேன், அவள் விரலிடுக்கில் போட்டாள். அந்த அகப்பைக்குப் போடக் கொட்டை இல்லை.

திரும்பும்போது வண்டியில் பாக்கியம் பாலம் வருகிறவரை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பாலத்தின் மேல் வைத்துச் சொன்னாள், "உம்ம டாக்டர் கணக்குக்கு எம் மவனைப் பலி குடுத்துட்டீரே." நான், "ஏளா, நீ சிரிக்கியா அளுதியா?" என்றேன். அவளுக்கே தெரியவில்லை.

இப்போது பினாங்கில் இருந்து எழுதுகிறேன். கடல் தாண்டி வந்த எத்தனையோ பேருக்கு என் மாதிரி டாக்டர் கணக்கு இருக்கிறது. பசிக்காதபோது உண்ணலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் சொல்வது இதுதான். தனியாக உட்கார்ந்து உண்கிற இடத்தில் கணக்குச் சொல்கிறபடி உண்ணுங்கள், உடம்பு நிற்கும். எதிரே ஒருவர் சட்டியோடு நிற்கிற இடத்தில் வயிற்றையும் கேட்காதீர்கள், கணக்கையும் கேட்காதீர்கள், நிற்கிறவர் முகத்தைப் பாருங்கள். நான் இன்றைக்கும் கொட்டையை மாற்றுகிறேன். ஒவ்வொரு நாளும் பத்தொன்பதுதான் இடது பைக்குப் போகிறது. கடைசி ஒன்று வலதிலேயே நிற்கிறது. அதற்கான வாய் இங்கே இறங்கவில்லை. டாக்டர் ஒன்றுதானே, பரவாயில்லை என்கிறார். தகரக்கடைக்காரர் காலையில், "சூடா மாக்கான்?" என்கிறார். ஆச்சு என்கிறேன், பைக்குள் கையை விட்டு அந்த ஒன்றைத் தடவிக்கொண்டு.

போன மாதம் பாக்கியத்திடமிருந்து கடிதம். ஞானப்பூவுக்கு ஆண் குழந்தை. மருமகளைப் போல ஒருத்தி இந்தத் தாலுகாவில் இல்லை என்று இரண்டு பக்கம். அது சரி. மூன்றாவது பக்கத்தில்தான் விஷயம். இந்தச் சம்பந்தம் ஐயருடைய ஜெபத்தால் அமைந்தது என்று கோயிலில் எல்லாரும் சொல்கிறார்களாம். சீவலப்பேரியில் பினாங்குக்காரர் மறதியால் அமைந்தது என்று சொல்லிச் சிரிக்கிறார்களாம். தேவசகாயம்கூட, வெள்ளைக்கார டாக்டருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்கிறானாம். வாத்தியார் புத்தி.

பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற அன்றைக்கு அசனம் போடுவார்கள், பந்தியில் இந்தக் கதை வரும். அங்கே இருக்கப்போகிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். ஐயர் ஜெபம் பண்ணினார், ஒத்துக்கொள்கிறேன். முதல் வாய் டாக்டருடையது, மறதியுடையது, யாருடையதென்று வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். செம்பும் தண்ணீரும் எதிரே இருக்க, பசி இல்லாத வயிற்றில், தெரிந்து நான் உண்ட இரண்டாவது வாய் என்னுடையது. அதை என் பேரில் சொல்ல வேண்டும்.