வக்கீல் மார்க் தீப்பெட்டி

எங்கள் மாமாவிடம் ஒன்றைச் செய்யாதீர்கள் என்று சொல்வதும், செய்யுங்கள் என்று கெஞ்சுவதும் ஒன்றுதான். அம்மாவுக்கு மூத்தவர். கோவில்பட்டியில் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்தார்; தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். தாய் தகப்பன் இல்லாத தங்கையை வளர்த்து, வக்கீல் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தவர். கல்யாணத்தன்று அப்பா வீட்டுச் சொந்தங்கள் அவரைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார்களாம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிப் புலம்புவாள். மாமா ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை.

ஐம்பதுகளின் கடைசியில், நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது, ஊர் வக்கீல்கள் சங்கத்துக்கு அப்பாவைத் தலைவராக்கினார்கள். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. வாசல் போர்டில் அதைப் பெரிதாக எழுத வேண்டுமென்று பெயிண்டரையே கூட்டிவந்துவிட்டார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. வக்கீல் போர்டில் பேரும் படிப்பும்தான் இருக்கலாம். இன்ன சங்கத்தின் தலைவர், இன்ன சபையின் உறுப்பினர் என்று போட்டுக் கட்சிக்காரனை இழுக்கக் கூடாது, அது தொழிலின் கட்டுப்பாடு என்றார்.

"பொய்யாவா போடுதோம்? நெசந்தான மாப்ள?"

"நெசமா இருந்தாலும் போடக் கூடாது மச்சான். வாரவன் என் வாதத்துக்கு வாரானா, பதவிக்கு வாரானா?"

"வெளிய சொல்லப்புடாதுன்னா, பெறகு எதுக்குத் தலைவராகணும்?"

கோர்ட்டில் எத்தனையோ பேரை மடக்கிய அப்பா, இதைக் கேட்டதும் துண்டை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதோடு விட்டாரா? விட்டால் அவர் எங்கள் மாமா இல்லையே! அடுத்த மாதம் ஒரு பண்டலோடு வந்து நின்றார். 'வக்கீல் மார்க்' தீப்பெட்டி. லேபிளில் கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டையுமாக அப்பா. மீசை மட்டும் மாமாவுடையது. கீழே பேர், படிப்பு, 'வக்கீல்கள் சங்கத் தலைவர்'. கடம்பூரிலிருந்து மணியாச்சி வரை கடை கடையாகப் போட்டாயிற்றாம்.

"போர்டுலதான போடப்புடாதுன்னீக? இது தீப்பெட்டில்லா!"

மறுநாள் கோர்ட் வராந்தாவில் எதிர்க்கட்சி வக்கீல் அந்தப் பெட்டியிலேயே குச்சியை உரசி, "அண்ணாச்சிக்கு என்னா சீக்கிரம் பத்திக்கிடுது!" என்று சிகரெட் பற்றவைத்தாராம். முன்சீப் அப்பாவை அறைக்குள் கூப்பிட்டார். எல்லாப் பெட்டியையும் திரும்ப வாங்கி அழிக்க வேண்டும், இல்லையென்றால் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு எழுதுவேன் என்றார். எழுதினால் வக்கீல் தொழிலுக்கான சன்னது போய்விடும். அப்புறம் கறுப்புக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அப்பா அன்றைக்கே தலைவர் பதவியைத் தூக்கிப் போட்டார். "உங்கண்ணன் இனி இந்த வாசப்படி மிதிக்கப்புடாது" என்று அம்மாவிடம் கத்தினார். பெட்டிகளைத் திரும்ப வாங்கச் சொல்லி மாமாவுக்கு ஆள் அனுப்பிவிட்டு, அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மாமா மாட்டுவண்டி பிடித்து ஊர் ஊராக அலைந்து பெட்டிகளைச் சேர்த்தார். அழித்தாரா என்று கேளுங்கள்! வண்டியோடு எங்கள் வீட்டு முன்னால் வந்து, "எல்லாம் சரிபண்ணிட்டேன் மாப்ள" என்று சிரித்தார். ஒவ்வொரு லேபிளிலும் 'வக்கீல்கள்' என்பதற்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது: 'முன்னாள்'.

கடவுளே! அந்த மனுஷனை என்னதான் செய்வது?

அப்பா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மாதான் உள்ளே போனாள். குடிக்கிற தண்ணீருக்கே நாங்கள் அல்லாடிய கோடை அது. இருந்த தண்ணீர் முழுவதையும் முற்றத்துத் தொட்டியில் கொட்டினாள்.

"போதும்ண்ணே. எல்லாத்தையும் இதுல போடு."

மாமா தங்கையைப் பார்த்தார். பண்டல் பண்டலாகப் பிரித்துத் தொட்டியில் போட்டார். மருந்து கரைந்து, லேபிள்கள் கழன்று மிதந்தன. அதில் ஒன்றைக் கையில் எடுத்தவர், மெதுவாகக் கேட்டார்.

"மாப்ள, தலைவரு வேண்டாம். படிப்பும் வேண்டாம். 'என் தங்கச்சி மாப்பிள்ளை'ன்னு மட்டும் போட்டுக்கிடட்டா? அதுக்கும் தடை இருக்கோ?"

நான் கெக்கெக்கே என்று சிரித்துவிட்டேன். அம்மா என்னை முறைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. அப்பா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். போனவர் அங்கேயிருந்தே குரல் கொடுத்தார்.

"மச்சானுக்கு இலையைப் போடு. எனக்குப் பக்கத்துல போடு."

தினமும் தட்டில் சாப்பிடுகிற வீட்டில் இன்றைக்கு எதற்கு இலை, அதுவும் பக்கத்தில் என்று ஏன் தனியாகச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. தொட்டியில் மிதந்த அப்பாக்களை ஒரு குச்சியால் தள்ளித் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தேன்.