எட்டாம் பதிப்பும் என் முதல் உத்தியோகமும்

எல்லைவேலிக்காகக் கதைபேச்சை நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் பரந்தனைச் சுற்றி நிறைய உண்டு. அந்த வகையில் எங்கள் குடும்பம் கொஞ்சம் நாகரிகமானது. மாமாவும் சித்தப்பாவும் சண்டை பிடித்தது, பக்கம் வடிவமைக்கும் ஒரு மென்பொருளின் ஏழாம் பதிப்பு நல்லதா எட்டாம் பதிப்பு நல்லதா என்பதற்காக.

மாமா அம்மாவின் அண்ணன். சந்திக்குப் பக்கத்தில் இருந்த வடிவமைப்புக் கடை அவருடையது. சித்தப்பா அப்பாவின் தம்பி. கடையின் இரண்டாவது வடிவமைப்பாளர். கோயில் திருவிழா நோட்டீஸ், முல்லைத்தீவுப் பக்கத்துத் தேவாலயப் பெருநாள் மலர், பெண் பிள்ளை பெரியவளானால் சாமத்திய வீட்டுப் பதாகை, மரண அறிவித்தல் என்று ஒரு மனிதருக்குப் பிறந்தது முதல் அச்சில் தேவைப்படுகிற சகலதும் அங்கே இரண்டு கணினிகளில் உருவாகி, பென் டிரைவில் ஏறி, வவுனியா பஸ்ஸில் அச்சகத்துக்குப் போகும். எழுத்துகளைத் தட்டச்சு செய்து கொடுப்பது அம்மா. பள்ளிக்கூடம் விட்டால் நானும் அங்கேதான்.

சித்தப்பாவுக்கு ஒரு கைதான் இருந்தது. இடது கை தோளுக்குச் சற்றுக் கீழேயே முடிந்துவிட்டிருந்தது. போர் கடந்துபோன எங்கள் ஊரில் அதற்கெல்லாம் யாரும் காரணம் கேட்பதில்லை. கேட்டால் கேட்டவரும் தன் பங்குக்கு ஒன்றைச் சொல்ல வேண்டி வரும். ஏழாம் பதிப்பில் அவர் தனக்கென்று ஓர் ஒழுங்கு செய்துவைத்திருந்தார். மற்றவர்கள் இடது கையால் ஒரு விசையை அழுத்திப் பிடித்தபடி வலது கையால் மவுஸை இழுக்கிற இடத்தில், அவர் அந்த விசையை ஒருமுறை தட்டிவிடுவார். மறுபடி தட்டும்வரை யாரோ அதைப் பிடித்துக்கொண்டிருப்பதாக மென்பொருள் நம்பும். எட்டாம் பதிப்பு அப்படியெல்லாம் நம்பத் தயாராக இல்லை. பிடித்தால் பிடித்தபடியே இருக்க வேண்டும். விட்டால் படம் நீளும், கோடு கோணும். ஆகவே எட்டு வந்தால் சித்தப்பாவுக்கு அந்தக் கடையில் வேலை இல்லை. இது மாமாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், சித்தப்பாவுக்குச் சொல்லவே வேண்டாம். எனக்கு மட்டும் தெரியாது. விவாதம் நடந்த அத்தனை நாளிலும் இந்த ஒரு விஷயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர்கள் விவாதித்தார்கள்.

“எட்டில எழுத்துக்கு நிழல் தானாவே விழுது, தம்பி,” என்று தொடங்குவார் மாமா.

“எங்கட சனத்துக்கே நிழல் இல்லை. எழுத்துக்கு என்னத்துக்கு அத்தான்?”

“ஒரு படத்துக்கு மேல இன்னொரு படத்தைக் கண்ணாடி மாதிரி வைக்கலாம்.”

“ஓம், அம்மனுக்கு மேல உபயகாரர் தெரிவினம். அவையளும் இவ்வளவு காலமும் அதைத்தானே கேட்டுக்கொண்டு நிக்கினம்.”

“எத்தினை பிழை விட்டாலும் பின்னுக்குப் போய்த் திருத்தலாம்.”

“அது உங்களுக்கு நல்ல உதவி அத்தான். வாங்கிப் போடுங்கோ.”

“உம்மட ஏழு மாட்டுவண்டில் காணும்.”

“வண்டில் எண்டாலும் கூப்பிட்ட உடன வரும். உங்கட எட்டுத் திறக்கிறதுக்கிடையில நான் போய்ப் பிளேன்ரீ குடிச்சிட்டு வந்திடுவன்.”

மூலையிலிருந்து அம்மாவின் குரல் வரும்: “ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுறியளே? நான் செத்தவீட்டு அறிவித்தல் அடிக்கிறன். பிறகு உங்கட பேரும் அதுக்குள்ள போயிடும்.”

நான் எட்டின் பக்கம். அதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது. மாமா பார்வைக்கென்று தன் கணினியில் ஏற்றியிருந்த எட்டு திறக்கும்போது திரையில் பல நிறங்களில் ஒரு வண்ணத்துப்பூச்சி வரும். ஏழில் வெறும் சாம்பல் பெட்டி. பின்னாளில் பெரிய பெரிய கொள்வனவுத் தீர்மானங்கள் இதைவிடச் சின்னக் காரணங்களுக்காக எடுக்கப்பட்டதைப் பார்த்திருக்கிறேன் என்பதால், அதற்காக நான் வெட்கப்படுவதில்லை.

ஒருநாள் நானும் விவாதத்தில் இறங்கினேன். “சித்தப்பாவுக்குப் புதுசு எண்டால் பயம்,” என்றேன்.

அம்மாவின் தட்டச்சுச் சத்தம் நின்றது. மாமா எதையோ தேடுவதுபோல மேசைக்குக் கீழே குனிந்தார். சித்தப்பா மட்டும் சிரித்தார். “ஓம் பிள்ளை, பயந்தான்,” என்றார். விவாதத்தில் வென்றுவிட்டேன் என்று நினைத்து, அன்று முழுவதும் கடைக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

மாமா முறை தவறாத மனிதர். கடை தன்னுடையது என்பதற்காகத் தீர்ப்பைத் தானே எழுதக் கூடாது என்று நினைத்தார். அந்த வாரம் வந்த அம்மன் கோயில் நோட்டீஸை அவர் எட்டிலும் சித்தப்பா ஏழிலும் செய்வது, எது யாருடையது என்று சொல்லாமல் கோயில் சபையிடம் காட்டுவது என்று ஒழுங்கானது. சபையார் வந்தார்கள். தலைவர் ஒன்றைப் பார்த்தார், செயலாளர் மற்றதைப் பார்த்தார், பொருளாளர் இரண்டிலும் தன் பெயரைப் பார்த்தார். மாமாவின் நோட்டீஸில் நிழலும் கண்ணாடியும் பொன்னிறமும் நிறைந்து, அம்மன் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. சித்தப்பாவுடையதில் அம்மனைச் சுற்றி ஒரு தாமரைக் கொடி, ஒவ்வோர் இதழாக வளைந்து வளைந்து போயிருந்தது. சபையார் நீண்ட நேரம் ஆலோசித்து, சித்தப்பாவுடையதைத் தெரிவுசெய்தார்கள். பொருளாளரின் பெயர் அதில்தான் பெரிதாக விழுந்திருந்தது.

ஏழு வென்றது. சித்தப்பா எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். தோற்ற கட்சியைச் சேர்ந்த நானும் இரண்டு சாப்பிட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் அச்சகத்திலிருந்து தொலைபேசி வந்தது. அவர்கள் எட்டுக்கு மாறிவிட்டார்களாம். ஏழில் செய்ததை அவர்களுடைய கணினி திறக்குமாம். ஆனால் திறக்கும்போது கொடி ஒரு பக்கமும் அம்மன் ஒரு பக்கமுமாகச் சிதறி விழுகிறதாம். எட்டில் செய்து பின்னேர பஸ்ஸில் அனுப்பினால் திருவிழாவுக்கு முன் அடிக்கலாம், இல்லாவிட்டால் முடியாது என்றார்கள்.

மாமா தன் கணினியில் உட்கார்ந்து தாமரைக் கொடியை இழுத்தார். அது பாகற்கொடியாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி இழுத்தார். இப்போது புடலங்கொடி. எத்தனை பிழை விட்டாலும் பின்னுக்குப் போகலாம் என்ற வசதியை அவர் முழுமையாகப் பயன்படுத்தினார். சித்தப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மாமா எழும்பிக் கதிரையைத் துடைத்துவிட்டு, “இரும் தம்பி,” என்றார்.

சித்தப்பா இருக்கவில்லை. “அத்தான், இது எட்டு,” என்றார். அந்த விவாதம் முழுவதிலும் உண்மைக்கு ஆகக் கிட்ட வந்த வசனம் அதுதான்.

மாமா கடைக்குள் சுற்றும்முற்றும் பார்த்தார். அவர் கண்ணில் நான் பட்டேன். “மருமகள், சும்மாதானே நிக்கிறாய். இஞ்ச வந்து உந்த ஸ்டூலில இரு. இந்தக் கீயை அமத்திப் பிடி. சித்தப்பா ‘விடு’ எண்டால் விடு. வேற ஒண்டிலயும் கை வைக்கக் கூடாது, விளங்குதே?”

சித்தப்பாவின் இடது பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். “பிடி,” என்றார். பிடித்தேன். திரையில் ஓர் இதழ் வளைந்தது. “விடு,” என்றார். விட்டேன். இதழ் அப்படியே நின்றது. என் விரலுக்குக் கீழே தாமரை பூக்கிறது என்று முற்றாக நம்பினேன். மாமா வாசலில் நின்று பஸ் வருகிறதா என்று தெருவைப் பார்த்தபடி, “கெதியா, கெதியா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வவுனியா பஸ் சந்திக்கு வந்தபோது பென் டிரைவுடன் ஓடியதும் அவர்தான். திருவிழாவுக்கு முன்பே நோட்டீஸ் வந்து சேர்ந்தது. பொருளாளர் திருப்திப்பட்டார்.

எட்டு நிரந்தரமானது. என் உத்தியோகமும் நிரந்தரமானது என்று நான் எடுத்துக்கொண்டேன். நியமனக் கடிதம் கிடையாது; பின்னேரங்களில் ஓர் ஐஸ்பழம் உண்டு. பள்ளிக்கூடத்தில், பெரியவளானால் என்னவாக வருவாய் என்று ஆசிரியை கேட்டபோது, நான் ஏற்கெனவே டிசைனர், ரீச்சர் என்றேன். காலையில் வந்த வேலையெல்லாம் எனக்காகக் காத்துக் கிடக்கும். சித்தப்பா காலை முழுவதும் அதே பேப்பரைத் திரும்பத் திரும்ப வாசிப்பார், தேநீர்க் கடைவரை நடந்து போய் வருவார், சந்தியில் நின்று என் பள்ளிக்கூடத் தெருவைப் பார்ப்பார். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் தெரிந்த நிம்மதி எனக்குப் பெருமையாக இருந்தது. நான் இல்லாவிட்டால் இந்தக் கடை என்ன ஆகும் என்று அடிக்கடி கவலைப்பட்டேன்.

பிறகு ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது என் ஸ்டூலில் கடதாசிக் கட்டு வைக்கப்பட்டிருந்தது. சித்தப்பா எட்டின் முன்னால் இருந்து வேலை செய்துகொண்டிருந்தார். இடது பக்கத்தில் யாரும் இல்லை. மேசைக்குக் கீழே பார்த்தேன். கரண்டில் ஓடும் தையல் மெசினின் கால் மிதி ஒன்று அவருடைய காலடியில் கிடந்தது. அதிலிருந்து ஒரு வயர் விசைப்பலகைக்குள் போனது. பக்கத்துக் கடையில் போன் திருத்துகிறவரைக் கொண்டு மாமா செய்வித்தது.

“எனக்கு இடுப்பு, நாரி எல்லாம் நோகுது. அதுக்குத்தான் செய்விச்சனான்,” என்றார் மாமா, ஒருவரும் கேட்காமலே. “உவர் சும்மா சரி பாக்கிறார்.” மாமாவின் கணினியோ, அறையின் மறு மூலையில் இருந்தது.

முன்னறிவித்தல் இல்லை, விசாரணை இல்லை, விளக்கம் கேட்கப்படவில்லை. ஒரு தையல் மெசின் மிதியை வைத்து என்னைப் பதவி நீக்கியிருந்தார்கள். நான் அழுதேன். சாதாரண அழுகையில்லை, தேநீர்க் கடையிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்த அழுகை. அம்மா ஐஸ்பழம் வாங்கித் தருவதாகச் சொன்னார். உத்தியோகம் இல்லாமல் சம்பளம் எடுக்க நான் சம்மதிக்கவில்லை.

“பிடிக்கிறதுக்கு நான் இருக்கிறன்தானே, சித்தப்பா?” என்று விக்கலுக்கிடையில் கேட்டேன்.

“ஓம் பிள்ளை,” என்றார். “அதுதான்.”

மிதியை அழுத்தி ஒரு கோட்டை இழுத்தார். யாருக்கும் “பிடி” சொல்லவில்லை, “விடு” சொல்லவில்லை. கோடு நேராகப் போய், தான் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. பிறகு சித்தப்பா சீட்டியடித்தார். அதற்கு முன் அவர் சீட்டியடித்து நான் கேட்டதில்லை. என் துக்கத்தில் ஒரு மனிதர் இப்படிச் சந்தோஷப்படலாமா என்று எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. நான் அழுததும் அவர் சீட்டியடித்ததும் ஒரே காரணத்துக்காகத்தான் என்று விளங்குகிற வயது எனக்கு அப்போது ஆகியிருக்கவில்லை.