பீச்சம் வீட்டுக் கண்ணாடியில் வந்தவன்

நான் பொய்யே சொல்லாதவள் என்று சத்தியம் செய்ய மாட்டேன். வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், பாதிரியாரிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இப்போது எழுதப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை.

அப்போது நாங்கள் ஹட்ஸன் ஆற்றங்கரையில் குடியிருந்தோம். என் கணவன் ஆம்ப்ரோஸ் குளிர்காலத்தில் உறைந்த ஆற்றில் ஐஸ் அறுக்கும் வேலைக்குப் போவான். நான் ஹார்லன் பீச்சத்தின் வீட்டு மாடியில் மாடலாக நிற்பேன். பத்திரிகைக் கதைகளுக்கும் புத்தகங்களுக்கும் படம் போடுபவர் அவர். ராணி, நர்ஸ், கடற்கொள்ளைக்காரனின் காதலி... அவர் படங்களில் எந்தப் பெண் வந்தாலும் அது என் முகம்தான்.

ஆம்ப்ரோஸுக்கு அதில் ஒரே கேலி.

"சும்மா நிக்கிறதுக்குக் காசு குடுக்கிற ஆளை எனக்கும் காட்டேன்."

"ஒரு மணி நேரம் ஆடாம நில்லு, பாப்போம். மூக்கு அரிச்சாக்கூடச் சொறியக் கூடாது."

"அப்ப மூக்கை வீட்டுலயே வச்சிட்டு வரேன்."

அந்த ஜனவரியில் மூன்று நாளாக வெதுவெதுப்பான காற்று வீசிக்கொண்டிருந்தது. காலையில் அவன் பூட்ஸ் மாட்டும்போதே எனக்கு மனசு சரியில்லை.

"பனி இளகிக் கெடக்கு. இன்னைக்குப் போகாத."

"மேஸ்திரி கோய்ல் நடந்து பாத்துட்டாரு. தாங்கும்னாரு."

"அவரு சொன்னா ஆறு கேக்குமா?"

அவன் சிரித்தான். சாயங்காலம் பீச்சம் வீட்டுக்கே வந்து என்னைக் கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். நான் அன்று முழுவதும் மாடியில் நின்றேன். நின்ற இடத்திலிருந்து ஆறு தெரியாது. ஓடிப்போய்ப் பார்க்கவும் வழியில்லை.

அன்றைய படம் ஒரு பனிப்புயல் கதைக்கு. ஒரு பெண் கதவைத் திறந்து, கையில் விளக்கைத் தூக்கிப் பிடித்து, வெளியே பார்க்கிறாள். தூரத்தில் யாரோ ஒருவன் வருகிறான். யார் என்பது கதையின் கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். அதனால் அவனுக்கு முகம் போடக் கூடாது.

"படம் முந்திக்கிட்டுக் கதையைச் சொல்லிடக் கூடாது, லெட்டி," என்பார் பீச்சம். "அப்புறம் அந்தப் பத்திரிகைக்காரன் என்னைத் தின்னுடுவான்."

அச்சில் இரண்டே மை. ஆகவே அவர் தட்டில் கருப்பு, வெள்ளை, சிவப்பு மட்டும்தான் இருந்தன. சிவப்பு விளக்குச் சுடருக்கு. மற்றதெல்லாம் சாம்பல் நிறம்.

விளக்கு படத்தில் மட்டும்தான், என் கை வெறுங்கை. ஆனாலும் தூக்கிய கை ஒரு மணி நேரம் அப்படியே நிற்காது. அதற்காக உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கும். அதன் நுனிச் சுருக்கில் என் மணிக்கட்டை மாட்டி இறுக்கிவிடுவார். சட்டைக் கை அதை மறைத்துக்கொள்ளும். அவர் சுருக்கைத் தளர்த்தி "விட்டுடு, லெட்டி" என்று சொல்லும்வரை நான் அசையக் கூடாது. சொன்ன மறுநொடி கை தானாக இறங்கும். ஆறு வருஷப் பழக்கம். என் பேச்சைவிட அந்தச் சொல்லைத்தான் என் கை கேட்கும்.

அவர் முதுகுக்குப் பின்னால், எனக்கு நேர் எதிரே, பெரிய நிலைக்கண்ணாடி ஒன்று உண்டு. படத்தை அதில் இடவலம் மாற்றிப் பார்த்தால் பிழை சட்டென்று தெரியுமாம். நின்ற இடத்திலிருந்தே முழுப் படமும் எனக்கும் அதில் தெரியும்.

மாலை நான்கு மணி. வெளிச்சம் இறங்கத் தொடங்கியது. ஆறு மணி ரயிலில் படம் நியூயார்க் போயாக வேண்டும். அதை வைத்து அனுப்பும் பலகைப் பெட்டியை எடுத்துவர அவர் கீழே கிளம்பினார்.

"ரெண்டு நிமிஷம். கையைக் கழட்டாத. சட்டைக் கையில இந்த மடிப்பு போச்சுன்னா திரும்பக் கெடைக்காது."

படிகள் கிறீச்சிட்டன. கீழ்க்கதவு சாத்தும் சத்தம். பிறகு எதுவும் இல்லை.

கண்ணாடியைப் பார்த்தேன். படத்தில் கதவு, விளக்கு, நான். வெளியே பனி. தொலைவில் ஒரு சின்னச் சாம்பல் உருவம்.

எப்போது வரைந்தார் என்று தோன்றியது. நான் கண்ணசந்திருப்பேன் என்று விட்டுவிட்டேன்.

சொட்...

எங்கோ நீர் சொட்டியது. கூரைப் பனி உருகுகிறது போல.

சொட்... சொட்...

கூரையில் இல்லை. அறைக்குள்ளே. படத்தின் கீழ் விளிம்பிலிருந்து தரைக்கு. எண்ணெய் வண்ணம் ஒட்டும், வழியும், காய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். நீர் போலச் சொட்டாது.

திரும்பப் பார்த்தேன். உருவம் பெரிதாகியிருந்தது. பாதி தூரம் வந்துவிட்டான்.

"சார்," என்று கூப்பிட்டேன். "பீச்சம் சார்..."

இன்னும் உரக்கக் கூப்பிட்டேன்.

வலது கையை இழுத்தேன். வரவில்லை. இடது கையால் முடிச்சைத் தொட்டேன். விரல்கள் மரத்திருந்தன. இழுக்க இழுக்கச் சுருக்கு இன்னும் இறுகியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கசாப்புக் கடையில் மாட்டிய ஆடு மாதிரி நின்றேன்.

கயிறு ஈரமாகியிருந்தது.

அப்புறம் அது இழுத்தது. மேலிருந்து... யாரோ மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல, விட்டு விட்டு இழுத்தது.

கண்ணை மூடிக்கொண்டேன். மூடியிருக்க முடியவில்லை.

அவன் வாசற்படிக்கு வந்துவிட்டான். உடை முழுவதும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஒரு கை மட்டும் தலைக்கு மேலே தூக்கியிருந்தது... என் கையைப் போலவே.

இப்போது முகம் இருந்தது.

ஆம்ப்ரோஸ்.

வாய் திறந்தது. மூடியது. தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல ஒரு குரல்...

"விட்டுடு... லெட்டி..."

என் கை இறங்கியது.

நான் இறக்கவில்லை. அது இறங்கியது. அவ்வளவு நேரம் வராத கை, சோப்புப் போட்டதுபோல வழுக்கி வெளியே வந்தது. சுருக்கு காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

கண்ணாடியில் கதவு, விளக்கு, நான். வெளியே பனி மட்டும்.

ஆலையின் சங்கு ஊதியது. நாலரை.

பீச்சம் அரை மணி நேரம் தேடிப் பிடித்த பெட்டியோடு மேலே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"கையை எடுத்துட்டியே. மடிப்பு போச்சே."

"அந்த ஆள்... படத்துல இருந்த ஆள் எங்கே சார்?"

"எந்த ஆளு? நான் இன்னும் ஆளையே போடலையே."

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். படத்தின் கீழே ஒரு பெரிய குட்டை. விரலால் தொட்டு முகர்ந்தார். என் சால்வையை எடுத்து என் தோளில் போட்டார்.

நான் தெருவுக்கு ஓடி வந்தபோது, ஆற்றுப் பக்கமிருந்து ஆட்கள் சாவு வீட்டுக்கு வருவதுபோலத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள்.

ஆம்ப்ரோஸை ஆற்றிலிருந்து எடுத்து அடக்கம் செய்து எல்லோரும் போன பிறகு, மேஸ்திரி கோய்ல் என் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். காபியைத் தொடவில்லை.

"நாலு மணிக்குப் பனி உடைஞ்சுதும்மா. கயிறு போட்டோம். பிடிச்சுக்கிட்டான். மணிக்கட்டுல சுருக்கு நல்லா விழுந்துச்சு. ஆனா தண்ணி அவனைப் பனிக்கு அடியில இழுக்குது. அரை மணி நேரம் நானே பிடிச்சுக்கிட்டு இருந்தேன். பனி மேல ஏணியைப் படுக்க வச்சு அவன் பக்கமாத் தள்ளிக்கிட்டே இருந்தாங்க. இன்னும் பத்தடி... திடீர்னு கயிறு லேசாயிடுச்சு. இழுத்துப் பாத்தா சுருக்கு அப்படியே இருக்கு. இறுகின சுருக்கு. கை மட்டும் இல்ல. எப்படி வந்துச்சுன்னு எங்க யாருக்கும் புரியல."

அவராகவேதான் சொன்னார்.

"ஒண்ணு மட்டும் சொல்லணும்னு வந்தேன். கயிறைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது நானு. ஆனா அவன் என்னைப் பாத்து உன் பேரைத்தான் சொன்னான். கடைசி வரைக்கும் அதையேதான் கத்திக்கிட்டு இருந்தான்."

"என்னன்னு?"

"'விட்டுடாத, லெட்டி'ன்னு."