நாற்பத்தாறு நாள் மீனில்லாத கடல்

என் கொழுந்தனார் கடலைக் கணினிக்குள் வைத்திருக்கிறார். தொண்டிப் பக்கத்துக் கடல். திரையின் அடியில் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள், அவற்றைத் தின்னும் மிதவைப் பூச்சிகள், அதற்கு மேல் நெத்திலியும் காரலும், எல்லாவற்றுக்கும் மேலே அவற்றைப் பிடித்துத் தின்னும் பெரிய சீலா மீன். ஒவ்வொன்றும் ஒரு கட்டம். யார் யாரைத் தின்கிறார்கள் என்று அம்புக்குறிகள். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் மற்றவை எல்லாம் அசையும். கடலோர ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில் பல வருடங்களாக இதுதான் அவர் வேலை.

அதில் என் நோட்டுகளும் இருக்கின்றன. பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போகும் முன் காரைக்குடி மீன் மார்க்கெட்டுக்குப் போவேன். என்னென்ன மீன் வந்தது என்று தேதி, கிழமையோடு எழுதிவைப்பேன். எனக்கு மீன் விற்கும் அம்மாள் நாட்டுப்படகுக்காரர்களிடம் கரையிலேயே வாங்கி, முதல் பஸ்ஸில் கூடையோடு வருபவர். விசைப்படகு மீனுக்கு அலுவலகத்தில் கணக்கு உண்டு. சின்னப் படகுகளின் காரலையும் நெத்திலியையும் யாரும் எழுதுவதில்லை. அதனால் கொழுந்தனார் என் நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொண்டு போனார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோட்டையூரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர் மடிக்கணினியைத் திறந்தார்.

"மதினி, இதைப் பாத்தீகளா? உங்க நோட்டுலருந்து வந்ததுதான். வருசா வருசம் வெயில் ஆரம்பிக்கிற நேரத்துல மீனு சுத்தமா மறைஞ்சுபோகுது. பௌர்ணமி கழிஞ்ச ஒரு வாரத்துக்குள்ள திரும்ப வந்துருது."

"மறையுதா?"

"தேதி வருசத்துக்கு வருசம் நகருது. ஆனா நிலாவோடயே நகருது. அந்த நேரத்து நிலவுக்கு மிதவைப் பூச்சிக ஆழத்துக்குப் போயிருதுன்னு ஒரு எண்ணைக் குடுத்தேன். மாடல் அப்படியே பொருந்திருச்சு."

இதை வைத்து எழுதிய அறிக்கையின் கடைசிப் பக்கத்தையும் காட்டினார். அந்த நாட்களில் சிறு மீன்கள் ஆபத்தான அளவுக்குக் குறைவதால் நாட்டுப்படகுகளையும் நிறுத்திவைக்கலாம் என்று ஒரு பரிந்துரை. அடுத்த வாரம் அதிகாரிகள் கூட்டத்தில் வைக்கப்போகிறாராம். அது நிறைவேறினால் அந்தப் படகுகள் கரையில் கிடக்கும். என் மீன்கார அம்மாளுக்குப் பஸ் ஏறவே வேலை இருக்காது.

"எத்தனை நாளு மறையுது?" என்று கேட்டேன்.

"அதுதான் அதிசயம். எல்லா வருசமும் சரியா நாப்பத்தாறு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாம்பல் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறுக்கு, அதாவது ஈஸ்டருக்கு, முந்தின சனி வரை எண்ணினால் நாற்பத்தாறு நாள். தவக்காலம். எங்கள் வீட்டில் அப்போது மீனும் கறியும் கிடையாது. நான் மார்க்கெட் பக்கமே போவதில்லை. அந்தத் தேதிகளுக்கு நேரே சின்னதாக ஒரு சிலுவை மட்டும் போட்டுவைப்பேன். அலுவலகத்தில் என் நோட்டைக் கணினியில் ஏற்றியவர் அதை 'இல்லை' என்று போடும் பெருக்கல் குறியாக எடுத்துக்கொண்டு, மீனுக்குச் சைபர் போட்டிருக்கிறார். உயிர்ப்பு ஞாயிறையே பௌர்ணமியைப் பார்த்துத்தான் வைக்கிறார்கள். மீன் நிலவின் பின்னால் போகாமல் என்ன செய்யும்?

ஏற்றியவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு எங்கள் வழக்கம் தெரிந்திருக்க நியாயமில்லை. கொழுந்தனாரோ இதே வீட்டில் பிறந்தவர். கல்யாணமாகும் வரை அந்த நாற்பத்தாறு நாளும் என் கையால் கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்டு முகம் சுளித்தவர்.

"நான் மீன் திங்காட்டி கடலுல மீனு இல்லைன்னு ஆயிருமா? சிலுவைகூடவா உங்களுக்குத் தெரியாமப் போச்சு?"

"படம் எடுத்ததோட சரி, நோட்டை நான் படிச்சுப் பாக்கல மதினி. ஏத்துன கணக்கைத்தான் பாத்தேன். அவ்வளவு நல்லாப் பொருந்துச்சு."

அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பொருந்தியது, அதனால் நம்பிவிட்டார். அவருடைய அலுவலக ஜன்னலைத் திறந்தால் படகுகள் தெரியும். அந்த நாட்களில் ஒன்றில் எழுந்துபோய் எட்டிப் பார்த்திருந்தால், மணலில் காரல் கொட்டிக் கிடந்திருக்கும்.

"சோறு அப்புறம். முதல்ல படகை நிறுத்தச் சொல்ற அந்தப் பத்தியை எடுங்க."

எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எடுத்துட்டேன். ஆனா அந்த நாளுல மீனு இருந்துச்சுன்னும் உங்க நோட்டு சொல்லலையே. மேல உள்ளவுக கேட்டா நான் எதைக் காட்டுறது?"

அது சரியான கேள்வி. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

இந்த வருடம் சாம்பல் புதனன்று காலைப் பூசையிலிருந்து நேரே மார்க்கெட்டுக்குப் போனேன்.

"என்ன டீச்சரம்மா, நெத்தியில சாம்பலோட வந்து நிக்கிறீக?" என்றார் மீன்கார அம்மாள். "நாக்கு தாங்கலையாக்கும்?"

"வாங்க வரல. எழுத வந்தேன்."

"எழுதுங்க, எழுதுங்க. பாத்தா பாவமில்லை."

அன்றைய வரி: காரல், நெத்திலி, நண்டு. வாங்கவில்லை. காற்றடித்து மீன் வராத நாட்களில் 'வரவில்லை' என்று எழுத்திலேயே எழுதினேன். நாற்பத்தாறு வரிகளையும் அன்றன்றே படமெடுத்துக் கொழுந்தனாருக்கு அனுப்பினேன். ஒன்றில்கூடச் சிலுவை போடவில்லை.

உயிர்ப்புக்கு மறுநாள் கூப்பிட்டார். "நிலாக் கணக்கை எடுத்துட்டேன் மதினி. இனி அந்தப் பரிந்துரைக்கு இடமே இல்லை. ஆனா மாடல் இப்ப முன்ன மாதிரி பொருந்த மாட்டேங்குது."

"பொருந்தாட்டி கிடக்கட்டும்" என்றேன். "ஜன்னலைத் திறந்து வையிங்க."